பம்பஸ் விற்பவனுக்குப் பிள்ளை வளர்ப்பும் தெரிந்திருக்க வேண்டும்

சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு வந்து கடையில் அமர்ந்திருந்தேன். யாழ்ப்பாணம் சோனகத்தெருவில், ஐந்து சந்திக்கு அண்மையில் இருக்கும் சிறிய பலசரக்குக் கடை என்னுடையது. கைக்குழந்தையுடன் இளம் தாய் ஒருவர் வந்தார். வாரத்தில் மூன்று நான்கு தடவை வந்து, இரண்டு மூன்று பம்பஸ் சில்லறையாக வாங்கிச் செல்பவர். கணவருக்கு நாட்கூலி வேலை.

"நானா, உங்கட பம்பஸ் பிள்ளைக்கு ஒத்துவரேல்லை. இஞ்ச பாருங்கோ."

பிள்ளையின் தொடையிடுக்கு முழுவதும் சிவந்திருந்தது. சில இடங்களில் தோல் உரிந்திருந்தது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனை மாத்துறீங்கள் தங்கச்சி?"

"இரவு ஒண்டு, விடிய ஒண்டு. நல்லா நிறையுமட்டும் கழட்டுறேல்லை. பன்னிரண்டு மணித்தியாலம் தாங்கும் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

உண்மைதான். சொன்னது நான்தான். பொருளைக் கொண்டுவந்த ரெப் என்னிடம் சொன்னதை, அப்படியே நான் அவரிடம் சொல்லியிருந்தேன். பன்னிரண்டு மணித்தியாலம் ஈரத்தைத் தாங்குவது பம்பஸ். பிள்ளையின் தோல் தாங்காது. இந்த வித்தியாசம் எனக்கே தெரியாது. மாதக்கணக்கில் விற்றிருக்கிறேன், ஒரு தடவைகூட அதைப் பிரித்துப் பார்த்ததில்லை.

அன்றைக்கு அவரிடம் காசு வாங்கவில்லை. உடனே பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன். ஒரு வாரத்தில் சுகமாகிவிட்டது. ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அரிசியில் கல் இருந்தால் எனக்குத் தெரியும். தேங்காயைத் தட்டிப் பார்த்தே முற்றலா, இளசா என்று சொல்வேன். ஒரு பச்சைப்பிள்ளையின் உடம்போடு இரவு முழுவதும் ஒட்டிக்கிடக்கும் பொருளைப் பற்றி மட்டும் எதுவும் தெரியாமல் விற்றிருக்கிறேனே!

வியாபாரச் சகோதரர்களே! இந்த வாரம் நான் எழுதப்போவது அந்த இரவுக்குப் பின்னர் கற்றுக்கொண்டவை. பம்பஸ் என்பது ஒரு கம்பனி தன் பொருளுக்கு வைத்த பெயர். எங்கள் ஊரில் எந்தக் கம்பனியின் பொருளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

வாப்பாவின் கடையும் பழைய சாரங்களும்

எங்கள் வாப்பாவுக்குப் பெரிய கடைப் பகுதியில் துணிக்கடை இருந்தது. சாரமும் சேலையும்தான் முக்கிய வியாபாரம். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு நப்பி என்று யாரும் கடையில் வாங்குவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் உடுத்துத் தோய்த்து, பூப்போல மெதுமையாகிவிட்ட பழைய சாரத்தைத்தான் உம்மா கிழித்துச் சதுரமாக மடித்து வைப்பார். புதுத்துணி பிள்ளையின் தோலை உரசும் என்பார். துணி வியாபாரியின் மனைவி சொன்ன பேச்சு அது. வாப்பா சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்கள் அனைவரும் இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கட்டளை வந்தபோது, என் ராத்தாவின் பிள்ளைக்கு வயது நாற்பது நாட்கள். கடைக்கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினோம். உம்மாவின் கையில் இருந்தது பிள்ளைக்குக் கிழித்து வைத்திருந்த சாரத்துணி மூட்டை ஒன்று. வழியில் மூட்டை முடிச்சுகளைச் சோதித்தார்கள். நப்பி மூட்டையை யாரும் தொடவில்லை. வாப்பாவின் கடைத்துணியில் யாழ்ப்பாணத்தைவிட்டு எங்களோடு வந்தது அந்தக் கந்தல்தான்.

வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். ஓலைக் குடிசையில் முதலில் கட்டிய கொடியில் காய்ந்ததும் அந்தத் துணிகள்தான். குடிக்கிற தண்ணீருக்கே வரிசையில் நிற்க வேண்டிய இடத்தில், ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்குப் பத்துத் துணி தோய்ப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அப்போது கண்ணால் கண்டேன். ஆனால் தோய்த்தவன் நானல்ல, உம்மாவும் ராத்தாவும். பிறகு எனக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்களுக்கும் நான் ஒரு நாளாவது நப்பி மாற்றியதில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் வந்து சிறிய கடை ஒன்றைத் தொடங்கினேன். 2006 ஓகஸ்டில் பாதை மீண்டும் மூடப்பட்டபோது கடையையும் மூடிவிட்டுப் புத்தளம் போக வேண்டியதாயிற்று. 2010இல் மறுபடி வந்தேன். அப்போது ஊர் மாறியிருந்தது. வேலைக்குப் போகும் தாய்மார் கூடிவிட்டார்கள். கூட்டுக்குடும்பம் குறைந்து, துணி தோய்த்துப் போடப் பெரியம்மாவும் மாமியும் வீட்டில் இல்லை. எங்கள் சமூகத்து வீடுகளில் இன்னொரு காரணமும் உண்டு. பிள்ளையின் சிறுநீர் பட்ட உடுப்போடு தொழ முடியாது என்பதால், ஐவேளைத் தொழுகைக்கும் உடுப்பு மாற்றிக் களைத்துப்போன தாய்மாருக்குப் பம்பஸ் பெரிய உதவியாக இருந்தது. கடைக்கு வந்தவர்கள் "பம்பஸ் இருக்கா நானா?" என்று கேட்டார்கள். நானும் வாங்கி அடுக்கினேன். அவ்வளவுதான் நான் செய்த சந்தை ஆய்வு!

பத்துச் சதம் படிப்பித்த பாடம்

இந்தப் பொருளின் கதையை வியாபாரிகள் தெரிந்திருப்பது நல்லது. அமெரிக்காவில் மரியன் டொனவன் என்ற தாய், குளியலறைத் திரைத் துணியை வெட்டி, நப்பிக்கு மேலால் போடும் ஈரம் கசியாத உறை ஒன்றைத் தைத்தார். உற்பத்தியாளர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. 1949இல் நியூயோர்க்கின் பெரிய கடையொன்றில் தானே விற்கத் தொடங்கினார். இரண்டு வருடங்களில் அதன் உரிமையைப் பத்து இலட்சம் டொலருக்கு விற்றார்.

அதன் பின்னர் புரொக்டர் அன்ட் கேம்பிள் கம்பனி, பாவித்துவிட்டு எறியும் நப்பியைத் தயாரித்து 1961இல் பியோரியா என்ற நகரத்தில் சோதனை விற்பனைக்கு விட்டது. அதுதான் பம்பஸ். தாய்மாருக்குப் பொருள் பிடித்திருந்தது. விற்பனையோ படுத்துவிட்டது. காரணம் விலை. ஒன்று பத்துச் சதம். கம்பனி விளம்பரத்தைக் கூட்டவில்லை. இயந்திரங்களைத் திருத்தி உற்பத்திச் செலவைக் குறைத்தது. ஒன்றின் விலை ஏறத்தாழ ஆறு சதத்துக்கு வந்த பிறகுதான் பொருள் ஓடத் தொடங்கியது.

இதில் எங்களுக்கு என்ன பாடம்? தாய் பம்பஸ் ஒன்றை வாங்கும்போது பக்கற்றின் அழகையோ படத்தையோ பார்ப்பதில்லை. ஒரு தடவை மாற்ற எவ்வளவு செலவாகும் என்றுதான் பார்க்கிறாள். அறுபது வருடங்களுக்கு முன்னர் அமெரிக்கத் தாய் போட்ட கணக்கைத்தான் இன்று எங்கள் நாவாந்துறைத் தாயும் போடுகிறாள்.

குறைவாக விற்றுக் கூடுதலாக உழைப்பது

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்குக்காக ஒரு பம்பஸ் 70 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். தவழும் வயதுப் பிள்ளைக்கு இரவு பகல் முழுவதும் பம்பஸ் என்றால், நாளுக்கு ஆறு தேவை. மாதத்துக்கு 180. செலவு 12,600 ரூபா. எங்கள் இலாபம் நூற்றுக்குப் பத்து என்றால் 1,260 ரூபா. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் நாட்கூலிக் குடும்பத்தால் இதை எத்தனை மாதம் தாங்க முடியும்? என் அனுபவத்தில் மூன்று மாதம். நான்காவது மாதம் கடன் கொப்பியில் பெயர் ஏறும். ஐந்தாவது மாதம் அந்தக் குடும்பம் எங்கள் கடை இருக்கும் ஒழுங்கையாலேயே வராது. மூன்று மாத இலாபம் 3,780 ரூபா. கொப்பியில் நிற்கும் கடனோ அதைவிடப் பெரிது. பம்பஸும் போய், அந்த வீட்டுக்கு விற்ற அரிசி, பருப்பு, சீனி வியாபாரமும் போய்விடும்.

இன்னொரு வழி இருக்கிறது. பகலில் துணி நப்பி. இரவுக்கு இரண்டு பம்பஸ். கிளினிக்குக்கும் கலியாண வீட்டுக்கும் பஸ் பயணத்துக்கும் மாதத்தில் பத்து. மொத்தம் 70 பம்பஸ், 4,900 ரூபா. எங்கள் இலாபம் மாதம் 490 ரூபாதான். ஆனால் இந்தக் குடும்பத்தால் இதைத் தாங்க முடியும். இரண்டு வருடம் வருவார்கள். 24 மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் 11,760 ரூபா. அதோடு துணி நப்பி இரண்டு டசின், சவர்க்காரம், வாளி, கொடிக்கயிறு, துணிக்கவ்வி எல்லாம் எங்கள் கடையிலேயே போகும்.

குறைத்து வாங்கச் சொல்பவன் நட்டப்படுவான் என்று நினைக்கிறோம். கணக்கு வேறு விதமாகச் சொல்கிறது. இப்போது புதிதாகப் பம்பஸ் கேட்டு வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "பகலில துணி பாவிப்பீங்களோ தங்கச்சி?" என்பதுதான்.

2022இல் இந்த முறை எங்களைக் காப்பாற்றியது. அந்த வருடம் மார்ச் மாத ஆரம்பத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. 8 வீதமாக இருந்த பெறுமதிசேர் வரி அந்த வருடத்திலேயே 15 வீதமாகி, 2024 ஜனவரியில் 18 வீதமானது. பம்பஸின் விலை தாய்மாரின் கைக்கு எட்டாமல் போனது. முழுக்க முழுக்கப் பம்பஸை நம்பியிருந்த வீடுகள் தத்தளித்தன. துணியும் பழகிய வீடுகள் இரவுப் பம்பஸையும் ஒன்றாகக் குறைத்துக்கொண்டு சமாளித்தன. எனக்கும் வாடிக்கையாளர் போகவில்லை. பம்பஸ் குறைந்த இடத்தில் துணி நப்பியும் சவர்க்காரமும் விற்றன.

வயதைக் கேட்காதீர்கள், எடையைக் கேளுங்கள்

"ஆறு மாதப் பிள்ளைக்கு ஒரு பம்பஸ் தாங்கோ" என்று வருவார்கள். ஆறு மாதத்தில் ஆறு கிலோப் பிள்ளையும் உண்டு, ஒன்பது கிலோப் பிள்ளையும் உண்டு. பம்பஸின் அளவு எடையைப் பொறுத்தது. பக்கற்றிலேயே கிலோக் கணக்கு அச்சிட்டிருக்கும். கம்பனிக்குக் கம்பனி அது சற்று வித்தியாசப்படும். ஒரு கம்பனியின் நடுத்தர அளவு இன்னொன்றின் சிறிய அளவாக இருக்கலாம்.

எடை தெரியாது என்பவரிடம் கிளினிக் கொப்பியைக் கேளுங்கள். மாதாமாதம் பிள்ளையை நிறுத்து அதில் குறித்திருப்பார்கள். குடும்பநல மருத்துவிச்சி எங்களுக்காகவே செய்து வைத்த சந்தை ஆய்வு அது! பிள்ளையின் எடை இரண்டு அளவுகளுக்கு நடுவில் நின்றால், பெரியதைக் கொடுப்பதே நல்லது. சிறியது இறுக்கித் தொடையில் தழும்பு விழுத்தும். மிகப் பெரியதைக் கொடுத்தால் பக்கத்தால் ஒழுகும். இரண்டுக்கும் தாய் குறை சொல்வது பொருளைத்தான், பொருளோடு எங்களையும்தான்.

இன்னொரு தெரிவு ஒட்டுவதா, காற்சட்டையா என்பது. படுத்த படுக்கையாகக் கிடக்கும் பிள்ளைக்கு இரு பக்கமும் ஒட்டும் வகை இலகு. மாற்றும்போது காலைத் தூக்கிச் சிரமப்படுத்தத் தேவையில்லை. தவழ்ந்து, பிடித்து நிற்கத் தொடங்கிய பிள்ளைக்குக் காற்சட்டை வகைதான் தோது. ஓடுகிற பிள்ளையைப் பிடித்துப் படுக்கவைத்து ஒட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும்.

கொள்வனவு செய்யும்போதும் இதை நினைவில் வையுங்கள். புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்கான அளவு சில வாரங்களுக்குத்தான் தேவைப்படும். அதில் பணத்தை முடக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வீதியில் கடை வைத்திருப்பவர்களுக்கு அது ஓடும். எங்களைப் போன்ற குடியிருப்புக் கடைகளுக்கு நடுத்தர அளவும் பெரிய அளவும்தான் ஓடும்.

மாற்றுவது எப்படி என்று சொல்லத் தெரிய வேண்டும்

அந்தத் தாய் வந்துபோன அடுத்த நாளே என் மகளிடம் போய், பேத்திக்குப் பம்பஸ் மாற்றக் காட்டித் தரும்படி கேட்டேன். மகளும் மனைவியும் சிரித்த சிரிப்பை இன்னும் மறக்கவில்லை. ஆயிரக்கணக்கில் விற்றவன், முதல் தடவையே முன்பக்கத்தைப் பின்பக்கமாகப் போட்டேன். ஒட்டும் நாடா இருக்கும் பக்கம் பிள்ளையின் முதுகுக்குக் கீழே போக வேண்டும். முன்னால் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். அந்த வாரம் கற்றதைத்தான் இன்று வாடிக்கையாளருக்குச் சொல்கிறேன்.

முதலாவது, தேவையான எல்லாவற்றையும் பக்கத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் பிள்ளையைப் படுக்க வைக்க வேண்டும். கட்டிலில் தனியே விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகக் கூடாது. பிரள்வதற்கு ஒரு நொடி போதும். தரையில் பாய் விரித்து மாற்றுவது எல்லாவற்றிலும் பாதுகாப்பு.

இரண்டாவது, பெண்பிள்ளையை முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். மாறித் துடைத்தால் மலக் கிருமி சிறுநீர்ப்பாதைக்குப் போய்விடும். வெறும் தண்ணீரும் மெல்லிய துணியுமே போதும். துடைத்த பின்னர் ஈரம் உலரவிட வேண்டும். ஈரத்தோடு மூடுவதுதான் பாதிப் புண்ணுக்குக் காரணம்.

மூன்றாவது, இடுப்பில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடம்விட்டு ஒட்ட வேண்டும். தொடைப்பக்கச் சுருக்கை வெளியே இழுத்துவிட வேண்டும். உள்ளே மடிந்திருந்தால் ஒழுகும். புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குத் தொப்புளை மூடாமல் கீழே மடித்துவிட வேண்டும்.

நான்காவதுதான் மிக முக்கியம். மலம் கழித்தால் உடனே மாற்ற வேண்டும். சிறுநீர் மட்டும் என்றால் பகலில் மூன்று, நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. பச்சைப்பிள்ளைக்கு நாளுக்குப் பத்துத் தடவைகூட ஆகலாம். பம்பஸுக்குள் இருக்கும் பசைமணிகள் தங்கள் எடையைப்போலப் பல மடங்கு ஈரத்தை உறிஞ்சிக் கூழாக்கி வைத்துக்கொள்ளும். தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும். அதனால்தான் தாய் ஏமாறுகிறாள். உள்ளே வெப்பமும் அழுக்கும் அடைபட்டுக் கிடக்கும். எங்கள் ஊரின் சித்திரை, வைகாசி வெக்கையில் இது இன்னும் மோசம். நாளுக்கு இரண்டு மூன்று தடவையாவது பிள்ளையைச் சிறிது நேரம் எதுவும் கட்டாமல் காற்றுப்பட விட வேண்டும்.

சிவப்பு மட்டும் என்றால், சிங்க் ஒக்சைட் கலந்த களிம்பு பூசலாம். இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால், அல்லது கொப்புளமோ சீழோ காய்ச்சலோ இருந்தால், நாங்கள் மருந்து சொல்லக் கூடாது. டொக்டரிடம் அனுப்ப வேண்டும். பவுடர் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குளிக்க வார்த்தவுடன் பவுடர் கொட்டுவது எங்கள் வழக்கம். அந்தத் தூள் பிள்ளையின் சுவாசத்துக்குள் போவது நல்லதல்ல என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். ஜோன்சன் கம்பனியே 2023இல் உலகமெங்கும் டல்க் பவுடரை நிறுத்திச் சோளமாவுக்கு மாறியது. என் கடையிலும் பவுடர் இருக்கிறது. ஆனால் நப்பிக்குள் போடுவதற்கு என்று கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

சில்லறையில் நேர்மை

பக்கற் பிரித்து ஒன்றிரண்டாக விற்பதை இழிவாக நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டில் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் சிறிய பொதியில் அடைத்து விற்கும் வழியைக் காட்டினார். அவருடைய மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் சிக் ஷாம்பூவோடு தொடங்கிய தொழில்தான் பின்னர் கெவின்கெயார் என்ற பெரிய கம்பனியானது. இந்தோனேசியாவில் ஜப்பானின் யுனிசாம் கம்பனி, மாமிபோக்கோ பம்பஸை ஒவ்வொன்றாகப் பொதிசெய்து பெட்டிக்கடைகளில் விற்றே சந்தையைப் பிடித்தது. அன்றாடம் உழைப்பவன் அன்றாடம்தான் வாங்குவான்.

ஆனால் ஒரு விடயம். 40 உள்ள பெரிய பக்கற்றின் அச்சிட்ட விலை 2,800 ரூபா என்றால் ஒன்று 70 ரூபா. 8 உள்ள சிறிய பக்கற் 720 ரூபா என்றால் ஒன்று 90 ரூபா. பணம் உள்ளவர் பெரியதை வாங்கி 70 ரூபாவுக்குப் பாவிக்கிறார். பணம் இல்லாதவர் சிறியதை வாங்கி 90 ரூபா கொடுக்கிறார். ஏழைக்குத்தான் விலை கூட! நான் பெரிய பக்கற்றைப் பிரித்து 70 ரூபாவுக்கே கொடுக்கிறேன். அச்சிட்ட விலையை எண்ணிக்கையால் வகுத்து வருவதற்கு மேல் ஒரு சதமும் எடுப்பதில்லை. அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்பது, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின் கீழ்க் குற்றம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சில்லறைக்கு 90 எடுக்கத் தொடங்கினால் அந்தத் தாய் 70க்குத் தரும் கடையைத் தேடிப் போய்விடுவாள்.

பிரித்து விற்பவர்கள் கையைக் கழுவிவிட்டு எடுக்க வேண்டும். சுத்தமான பைக்குள் போட்டு அளவை எழுதிக் கொடுக்க வேண்டும். மிச்சத்தைக் காற்றுப்புகாத வாளியில் மூடி வைக்க வேண்டும். ஈரக்காற்றையும் அது உறிஞ்சும். மண்ணெண்ணெய், கருவாடு, சாம்பிராணி பக்கத்தில் வைத்தால் மணமும் ஏறும். தரையில் அடுக்கினால் எலியும் எறும்பும் வரும்.

மாரியும் கிணறும்

யாழ்ப்பாணத்தில் கடை வைத்திருப்பவர் வானத்தையும் பார்க்க வேண்டும். எங்கள் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் கொட்டித் தீர்த்துவிடும். அந்த நாட்களில் கொடியில் போட்ட நப்பி இரண்டு நாளானாலும் காயாது. அப்போது பம்பஸ் விற்பனை கூடும். செப்டெம்பர் கடைசியிலேயே சரக்கை எடுத்துவிட வேண்டும். மாசி, பங்குனியில் துணி நப்பிப் பக்கம் சாய்வார்கள். அப்போது பம்பஸைக் குறைக்க வேண்டும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. சவர்க்காரம் லேசில் நுரைக்காது. நுரைத்தாலும் துணியில் தங்கி, காய்ந்ததும் அப்பளம்போல விறைக்கும். அது பிள்ளையின் தோலை உரசும். சவர்க்காரத்தைக் கூட்டுவது தீர்வல்ல; குறைத்துப்போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலச வேண்டும். நல்ல வெயிலில் காயவைத்து, கையால் கசக்கி மெதுமையாக்கிவிட்டுக் கட்ட வேண்டும். என் உம்மா பழைய சாரத்தைத் தேடியதன் இரகசியம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

பாவித்த பம்பஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. பெரும்பாலும் நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறோம். பம்பஸைக் கிணற்றடியில் புதைக்கவோ, மலசலகூடத்துக்குள் போடவோ, வீட்டு முற்றத்தில் எரிக்கவோ கூடாது. மலத்தை மலசலகூடத்தில் தட்டிவிட்டு, பம்பஸைச் சுருட்டி அதன் நாடாவாலேயே ஒட்டிக் குப்பைப் பையில் போடச் சொல்லுங்கள். அது கடைசியில் கல்லுண்டாய்க் குப்பைமேட்டுக்குத்தான் போகிறது. அங்கே அது எளிதில் உக்காது. நாளுக்கு ஆறுக்குப் பதிலாக இரண்டு பாவிக்கச் சொல்வது தாயின் பணப்பைக்கு மட்டுமல்ல, எங்கள் மண்ணுக்கும் நல்லது.

குறைந்துவரும் தொட்டில்கள்

கடைசியாக ஒரு கணக்கு. 2020இல் இலங்கையில் மூன்று இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட பிறப்புகள் பதிவாகின. 2023இல் அது இரண்டரை இலட்சத்துக்கும் கீழே போய்விட்டது. பிள்ளைகள் குறைகிறார்கள். சுப்பர்மார்க்கெற்றுகள் கூடுகின்றன. 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் சதுக்கம் திறந்தபோதே எங்களைப் போன்றவர்களுக்கு நெஞ்சு இடித்தது. குளிரூட்டிய கடையில் பத்து வகைப் பம்பஸ் அடுக்கியிருக்கிறார்கள். விலைக்கழிவும் கொடுக்கிறார்கள். அவர்களோடு விலையில் எங்களால் போட்டிபோட முடியாது.

ஆனால் அந்த அலுமாரி ஒரு தாயிடம் பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்காது. எத்தனை தரம் மாற்றுகிறீர்கள் என்று கேட்காது. புண்ணைக் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று சொல்லாது. இதைச் செய்ய எங்களால் முடியும். இதற்கு முதலீடும் தேவையில்லை. விற்கும் பொருளை ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ள பெண்களிடம் கேட்டுப் படிக்கக் கூச்சப்படாமல் இருக்க வேண்டும்.

அன்று புண்ணோடு வந்த பிள்ளை இப்போது பாடசாலைக்குப் போகிறது. அந்தத் தாய் அண்மையில் இரண்டாவது பிள்ளையோடு வந்தார். நான் வாய் திறக்கும் முன்னரே கிளினிக் கொப்பியை மேசையில் வைத்தார்.

"அஞ்சு கிலோ எண்ணூறு, நானா. இரவுக்கு மட்டும்தான். பகலில துணி."

எண்ணிக் கொடுத்தேன். பதினான்கு பம்பஸ், ஒரு சவர்க்காரக் கட்டி. 980 ரூபாவும் சவர்க்காரத்தின் விலையும். கடன் கொப்பியைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை.